இனாமும் ஊதியமும்

கண்டி நகரிலே, சைவ உணவுக்கடை ஒன்றில், சில மாதங்களுக்கு முன் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து, மழைக்கு ஒதுங்கிய ஆசிரியர் நால்வர் அங்கே தோசையும் உளுந்து வடையும் உண்டு தேநீர் அருந்தினோம். கணக்குச் சீட்டு ஒரு சிறிய தட்டிலே, சிறிதளவு பெருஞ்சீரகத்துடன் வந்து சேர்ந்தது. நண்பர் ஒருவர் கணக்குக்குரிய பணத்தை வைத்து, அதன்மேல் நூறு ரூபாய் நோட்டொன்றையும் வைத்தார். "எதற்கு இது? அவனுக்குச் சம்பளம் இல்லையா?" என்றார் இரண்டாமவர். "பத்திலொரு பங்கு வைப்பதுதான் முறை, நூறு போதாது" என்றார் மூன்றாமவர். நாமோ, இனாம் என்பதே நிலமானிய காலத்தின் எச்சம் எனத் தொடங்கி ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தும் நிலையில் இருந்தோம்.

அவ்வேளை தட்டை எடுக்க வந்த இளைஞனை நிமிர்ந்து நோக்கினோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் சாதாரண தர வகுப்பிலே தமிழ் பயின்ற மாணவன் அவன். ஹந்தானைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து படித்தவன். நாம் வந்தமர்ந்த கணமே அவன் எம்மை அறிந்துகொண்டிருக்கின்றான். நாம் மூன்று முறை அவனை அழைத்துத் தண்ணீரும் சட்னியும் கேட்டிருந்தோம். ஒருமுறையேனும் அவன் முகத்தை நோக்கவில்லை. அவன் கணக்குப் பணத்தை எடுத்துக்கொண்டான். நூறு ரூபாய் நோட்டை மட்டும் ஒரு விரலால் மேசையோரத்துக்குத் தள்ளிவிட்டு, "வேணாங்க சேர். நீங்க படிச்சுக் குடுத்தவங்க. ஒங்ககிட்ட வாங்க மனசு வரல்ல" என்றான்.

பிற மேசைகளிலே அவன் வாங்குகின்றான்; வாங்காமல் அவனால் வாழ இயலாது. எம்மிடம் மட்டும் வாங்க அவன் மனம் இசையவில்லை. அப்படியாயின் பிற மேசைகளில் வாங்கும்போது அவன் மனம் என்ன பாடுபடுகின்றது? இந்த வினாவை விட்டுவிட்டு, எத்தனை ரூபாய் வைப்பது முறை என்பதை மாத்திரம் ஆராய்வது அரைகுறை ஆராய்ச்சியே ஆகும்.

உணவுக்கடைகளிலே பரிமாறுவோருக்குக் கொடுக்கப்படும் இப்பணத்துக்கு எம்மிடையே வழங்கும் பெயர்களை முதலில் நோக்குவோம். இனாம் என்பது அரபுச் சொல். அருளிக் கொடுத்தது என்பது அதன் கருத்து. பக்ஷீஸ் என்பது பாரசீகம். அதற்கும் கொடை என்பதே பொருள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதனைக் குடிப்பதற்கான காசு என்ற பொருள்படும் சொற்களால் அழைக்கின்றனர். எம் நாட்டிலே சிங்கள மக்கள் இதனைச் 'சந்தோஸம்' என்கின்றனர். 'சந்தோஷமாக ஏதாவது கொடுங்கள்' என்று எம்மவரும் கேட்பதுண்டு. கொடுப்பவனின் அருள், கொடுப்பவனின் கொடை, கொடுப்பவனின் மகிழ்ச்சி என்பனவே இச்சொற்களில் உள்ளன. வாங்குபவனின் உழைப்பைக் குறிக்கும் சொல் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அவன் குடிக்கக்கூடும் என்ற ஐயம் மட்டும் ஐரோப்பியச் சொற்களிலே தங்கிவிட்டது.

தமிழிலக்கணம் இவ்விடயத்தில் எமக்கு ஓர் அரிய கருவியைத் தந்துள்ளது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலிலே, ஒருவரிடம் ஒரு பொருளை வேண்டும்போது வழங்கும் சொற்கள் மூன்றினை வகுத்துக் காட்டுகின்றார். கொடுப்பவனிலும் தாழ்ந்தவன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். பெறுதல் என்னும் ஒரே செயலுக்குச் சமுதாயம் எத்தனை படிகள் கட்டியிருந்தது என்பதற்கு இஃது அழியாச் சான்று. இன்று எவரும் இவ்வேறுபாட்டைப் பேச்சிலே பேணுவதில்லை. ஆயினும் உணவுக்கடை மேசையிலே அது உயிரோடு இருக்கின்றது. பரிமாறுபவன் வாய் திறந்து எதனையும் கேட்பதில்லை. தட்டை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று, சுவரை நோக்குகின்றான். அந்த நிற்றலின் பொருள் 'ஈ' என்பதே. எம் மாணவன் எம்மிடம் சொல்ல மறுத்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பினான் என்பதற்காகப் பெருஞ்சித்திரனார் அப்பரிசிலை ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறும். தமது தகுதியை அறிந்து தருவது சிறிதாயினும் போதும் என்பது அப்புலவரின் நிலை. இச்செய்தியை நாம் எத்தனையோ வகுப்புகளில் விரித்துரைத்திருக்கின்றோம். புலவரின் பெருமிதம் என்று புகழ்ந்துமிருக்கின்றோம். அன்று மழைக்கு ஒதுங்கிய கடையிலே, முகத்தை நோக்காமற் பரிசில் வைத்தவர்கள் நாமே ஆயினோம். பெருமிதம் புலவருக்கு மாத்திரம் உரியதாகாது என்பதை மாணவன் ஆசிரியருக்குக் கற்பித்தான்.

இனிப் பொருளாதார நிலையை நோக்குதல் வேண்டும். கண்டியிலே உணவு பரிமாறும் தொழில் இரு வேறு உலகங்களாக உள்ளது. ஏரியைச் சூழ்ந்தும் குன்றுகளின் மீதும் எழுந்துள்ள ஹோட்டல்கள் ஓர் உலகம். சந்தையையும் பஸ் நிலையங்களையும் அடுத்துள்ள சைவக் கடைகள், முஸ்லிம் ஹோட்டல்கள், கொத்துரொட்டிக் கடைகள், தேநீர்க்கடைகள் மற்றோர் உலகம். முதலாவது உலகிலே கணக்குச் சீட்டின் அடியிற் பத்து வீதச் சேவைக் கட்டணம் சேர்க்கப்படுகின்றது. ஐயாயிரம் ரூபாய்க்கு உண்டவர் அதற்குமேல் ஐந்நூறு ரூபாய் செலுத்துகின்றார். இது அரசாங்க வரியென்று எண்ணுவோர் பலர். வரியன்று, தொழில் வழக்கத்தால் வந்த கட்டணம். ஊழியர்க்குப் பகிர்ந்தளிப்பதற்கென்றே இது வாங்கப்படுகின்றது. சிலவிடங்களில் எல்லார்க்கும் சமமாகவும், சிலவிடங்களில் பதவிக்கேற்பப் புள்ளி வைத்தும் பகிர்வர். உடைந்த கண்ணாடிக்கும் கோப்பைக்கும் என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பணம் செலுத்தியவருக்கு அதன் பின்னைய வரலாறு தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை.

இரண்டாவது உலகிலே சேவைக் கட்டணம் இல்லை. தட்டிலே விழும் சில்லறைதான் உண்டு. எம் மாணவன் தன் ஓய்வு நாளொன்றில் எம்மைச் சந்தித்தபோது, அச்சில்லறையின் வரலாற்றைக் கூறினான். தட்டில் விழும் காசு அவன் சட்டைப்பைக்குச் செல்வதில்லை. கல்லாவுக்கு அருகே ஒரு தகரப் பேணி உண்டு. எல்லாம் அதற்குள் இடப்படல் வேண்டும். மாத முடிவில் முதலாளி அதனை எண்ணி, உடைந்த பாத்திரங்களின் விலையைக் கழித்து, எஞ்சியதைப் பரிமாறுவோருக்குப் பகிர்வார். சமையலறையில் நெருப்பருகே நிற்பவருக்கும், பின்கட்டில் பாத்திரம் கழுவும் முதிய பெண்ணுக்கும் அதிற் பங்கில்லை. வாடிக்கையாளர் அவர்களைக் காண்பதில்லை அல்லவா? இதனைச் சொல்லும்போது அவன் முதலாளியை நொந்துகொள்ளவில்லை. "அவரும் கடனுக்குத்தான் கடை நடத்துறாரு சேர்" என்றான். நல்ல மனிதரா தீய மனிதரா என்பதைப் பொறுத்து அமையாத ஒரு முறையைப் பற்றியே நாம் பேசுகின்றோம் என்பதற்காக இதனைக் குறிப்பிடுகின்றோம்.

சட்டம் என்ன கூறுகின்றது? 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஹோட்டல், உணவு வழங்கல் தொழிலுக்கென ஒரு சம்பளச் சபை உண்டு. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச மாத வேதனத்தை 10,000 ரூபாய் என வகுத்தது. 2025இல் வந்த திருத்தம் அதனை 2025 ஏப்ரல் முதல் 27,000 எனவும், 2026 ஜனவரி முதல் 30,000 எனவும் உயர்த்தியது. சம்பளத்தின் மீது தொழிலாளி எட்டு வீதமும் தொழில் கொள்வோர் பன்னிரண்டு வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்துதல் வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் மூன்று வீதம் தொழில் கொள்வோராற் செலுத்தப்படும். எம் கைகளிலிருந்து தட்டில் விழும் நூறு ரூபாய்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. அது முதுமைக்குச் சேராது. நோயுற்ற நாளில் வராது. வங்கியிலே கடன் கேட்டால் வருமானமாகக் கொள்ளப்படாது. ஊதியத்தின் வேலையை இனாம் செய்கின்றது. ஊதியத்தின் உரிமைகளை அது தருவதில்லை.

இனாமின் மற்றொரு குணம், தொழிலின் இடர் முழுவதையும் மெல்லத் தொழிலாளியின் தோளுக்கு மாற்றிவிடுவது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாட் குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டிற் பரவிய கொள்ளை நோயும் அத்தொகையை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைத்துவிட்டன. 2022இன் பொருளாதார நெருக்கடி எரிபொருள் வரிசைகளையும் இருண்ட மாலைகளையும் கொணர்ந்தது. விருந்தினர் வராத மாதத்திற் சேவைக் கட்டணமும் இல்லை, தட்டிலே காசும் இல்லை. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து, எஞ்சியதை விருந்தினரின் வருகைக்கு விட்டுவிட்ட தொழிலிலே, பஞ்சம் முதலில் நுழைந்த வீடு பரிமாறுபவனின் வீடே. 2024இற் பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இடைக்காலத்திலே கண்டியை விட்டுக் கொழும்பின் கட்டட வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற இளைஞர் எத்தனை பேர் என்பதை, எமது பழைய வகுப்புப் படங்களைப் பார்க்கும்போது நாம் விரல்விட்டு எண்ணுகின்றோம்.

நல்ல சேவைக்கு நல்ல பரிசு என்று வாதிடுவோர் உளர். இனாம் இருப்பதனாலேதான் பரிமாறுபவன் சுறுசுறுப்பாய் இருக்கின்றான் என்பர். இவ்வாதத்தை எமது தொழிலுக்கே பொருத்திப் பார்ப்போம். யாப்பிலக்கணத்தை நாம் நன்கு விளக்கிய நாளிலே, மாணவனின் தந்தை வகுப்பறைக்குள் வந்து ஐம்பது ரூபாயை மேசைமீது வைத்துத் தட்டிக்கொடுத்துச் செல்வாராயின் நாம் பொறுப்போமா? அடுத்த நாள் வேறொரு தந்தை ஒன்றும் வையாது சென்றால், அவர் மகனுக்கு யாப்பு விளங்காது போகலாமா? ஆசிரியனுக்கும் தாதிக்கும் பொருந்தாத நீதி பரிமாறுபவனுக்கு மட்டும் பொருந்துவதெப்படி? ஏரியை நோக்கிய சாளரத்தருகே பணி செய்பவனுக்கும், கழிவறை ஓரத்து மேசைகளைக் கவனிப்பவனுக்கும் உழைப்பு ஒன்றே, வருவாய் ஒன்றன்று. எசல பெரஹெர நாட்களில் நள்ளிரவு வரை ஓடுபவன் அயர்ந்த முகத்தோடு நிற்பதும் ஒரு குற்றமாகக் கணிக்கப்படும். பெண் ஒருத்தி பரிமாறும் இடத்திலோ நிலைமை இன்னும் கொடியது. விருந்தினரின் நாவும் கண்ணும் எல்லை மீறும்போது, அவள் தன் நாட்கூலியை எண்ணிக்கொண்டே புன்னகை செய்தல் வேண்டும். புன்னகையை விலைக்கு வாங்கும் முறை, வேண்டாத புன்னகையையும் வாங்கிவிடும்.

உலக வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், புல்மன் கம்பெனி தனது தொடருந்துப் படுக்கைப் பெட்டிகளிற் பணியாற்ற, அடிமைத்தளையினின்றும் விடுபட்ட கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொண்டது. சிறு சம்பளம் கொடுத்து, மிகுதியைப் பயணிகளின் இனாமிற்கு விட்டது. கம்பெனி முதல்வரின் பெயர் ஜார்ஜ். பயணிகள் பணியாளர் எல்லாரையும் ஜார்ஜ் என்றே அழைத்தனர். உரிமையாளன் பெயரால் அடிமையை அழைக்கும் பழைய வழக்கம், விடுதலைக்குப் பின்னரும் இனாம் தட்டோடு தொடர்ந்தது. அவர்கள் 1925இலே ஏ. பிலிப் ராண்டால்ஃபின் தலைமையிற் சங்கம் அமைத்துப் போராடி, 1937இல் ஊதிய ஒப்பந்தம் பெற்றனர். எனினும் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரே கொடுக்கவேண்டிய குறைந்த கூலி, மணிக்கு 2.13 டொலர் என 1991இல் வகுக்கப்பட்டபடியே நிற்கின்றது. பொதுக் குறைந்த கூலியான 7.25 டொலரை இனாம் எட்டாதபோது மாத்திரம் முதலாளி குறையை நிரப்புதல் வேண்டும். கூலியிற் பெரும்பகுதியை வாடிக்கையாளனே சுமக்கின்றான். அதற்காகத் தன்னை வள்ளல் என்றும் எண்ணிக்கொள்கின்றான்.

இதற்கு மாறான வழிகளும் உலகில் உண்டு. ஜப்பானிலே உணவுக்கடையில் இனாம் வைக்கும் வழக்கமே இல்லை. அதனால் அங்கே உபசரிப்புக் குன்றிவிட்டதென்று எவரும் கூறார். பிரித்தானியாவில் 2023இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், இனாமையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி ஒரு சதமும் கழியாது ஊழியர்க்கே நியாயமாகப் பகிர்தல் வேண்டும் என்று விதித்தது. இந்தியாவிலே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே கணக்கிற் சேர்த்தலாகாது என 2022 ஜூலையில் அறிவித்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதிப்படுத்தியது. இவ்விரண்டுள் பிரித்தானியச் சட்டம் தொழிலாளியின் பக்கம் நின்று பேசுகின்றது. இந்திய அறிவிப்போ உண்பவனின் பணப்பையைக் காக்கின்றது. பணப்பையைக் காப்பது தவறன்று. ஆயின் கட்டணத்தை நீக்கியபின் அந்த வெற்றிடத்தை எந்த ஊதியம் நிரப்பும் என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை.

கலையும் இலக்கியமும் இத்தொழிலாளியை எவ்வாறு கண்டன? 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' திரைப்படத்தை எம் தந்தையர் தலைமுறை மறவாது. கே. பாலசந்தரின் மேடை நாடகத்திலிருந்து உருவாகி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் நாகேஷ் நடித்த படம் அது. உணவுக்கடைப் பரிமாறுபவன் ஒருவனைக் கதைத் தலைவனாக்கியமை அன்று பெரும் துணிவு. ஆயினும் சுந்தரத்தின் உயர்வு திரைப்பட நடிகனாவதில் உள்ளது. அவன் ஏறியது தனி ஏணி. அவனோடு தட்டேந்தியவர்கள் ஏணியின் அடியிலேயே நின்றனர். ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1924இல் எடுத்த 'கடைசி மனிதன்' என்ற மௌனப் படத்திலும் இதனையே காண்கின்றோம். ஹோட்டல் வாயிற்காவலன் முதுமையினாற் கழிவறைப் பணிக்குத் தள்ளப்படுகின்றான். படத்தின் இறுதியிலே எதிர்பாராத பெருஞ்செல்வம் அவனை வந்தடைகின்றது. அவன் அதே ஹோட்டலில் விருந்துண்டு, பணியாளர்க்குப் பணத்தை வாரி வழங்குகின்றான். இம்முடிவு நம்பத்தகாதது என்று இயக்குநரே படத்துள் எழுதிக்காட்டிய நேர்மையை நாம் பாராட்டுதல் வேண்டும். இனாம் வாங்கியவன் இனாம் கொடுப்பவனாக மாறுவது கனவு. இனாமே தேவையற்ற நிலை அக்கனவிலும் தோன்றவில்லை.

உண்மையை நேர்நின்று கண்டவர் செகாவ். 1897இல் வெளியான 'விவசாயிகள்' என்ற அவரது கதை, மாஸ்கோவின் பெரிய ஹோட்டலொன்றிற் பரிமாறுபவனாக இருந்த நிகொலாய் கால்கள் மரத்து, தட்டோடு விழுந்ததிலிருந்து தொடங்குகின்றது. வேலை போயிற்று. தன் சேமிப்பும் மனைவியின் சேமிப்பும் மருத்துவத்திற் கரைந்தன. அவன் குடும்பத்தோடு பிறந்த கிராமத்தின் வறுமைக்குத் திரும்புகின்றான். மாஸ்கோவின் செல்வர்கள் எத்தனை ஆண்டு அவன் தட்டிலே நாணயம் வைத்திருப்பர்! வீழ்ந்த நாளிலே அவற்றுள் ஒன்றும் அவனைத் தாங்கவில்லை. எமது மலையக எழுத்தாளர் தோட்டத்தின் துயரை ஆழ எழுதினர், என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' போன்ற கதைகள் அதற்குச் சான்று. அத்தோட்டங்களின் பிள்ளைகள் இன்று நகரத்து உணவுக்கடைகளின் பின்கட்டிலே, அரிசி மூடைகளுக்கு இடையிற் படுத்துறங்குகின்றனர். அவர்களின் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பதே எம் கருத்து.

இங்கே எமது தோழர்கள் சிலர்க்கும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். இனாம் சுரண்டலுக்குத் துணைபோகின்றது. ஆகவே நாம் கொடுக்கமாட்டோம் என்பது அவர்கள் வாதம். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலத்துப் பார்சலோனாவை அவர்கள் எடுத்துக்காட்டுவர். 1936இன் இறுதியில் அங்கு சென்ற எழுத்தாளர் ஜார்ஜ் ஓர்வெல், ஹோட்டல் மின்தூக்கிப் பணியாளனுக்கு இனாம் கொடுக்க முயன்று, மேலாளரிடம் கண்டனம் கேட்டதை எழுதியுள்ளார். பரிமாறுவோர் வாடிக்கையாளரை நிமிர்ந்து நோக்கிச் சமமாக நடத்தியதையும் அவர் வியந்து குறிப்பிட்டார். ஆயின் அந்நகரில் இனாமை மறுத்தவர்கள் ஹோட்டல்களைத் தம் கூட்டுப் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தொழிலாளர். இங்கே இனாமை மறுப்பவர் யார்? ஆயிரம் ரூபாய்க்கு உண்டுவிட்டு, கொள்கையின் பெயரால் நூறு ரூபாயை மீத்துக்கொள்ளும் நாம். கொள்கைக்கான செலவை எம் மாணவனின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு, கொள்கை வீரர் என்ற பெயரை நாம் வைத்துக்கொள்வது நேர்மையாகாது. அன்று நாம் தொடங்கவிருந்த சொற்பொழிவும் இவ்வகையதே என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

ஆகவே கொடுப்பதா, கொடுத்தால் எவ்வளவு என்ற வினாவுக்கு எம் விடை இதுவாகும். சேவைக் கட்டணம் வாங்காத கடையிலே, அமர்ந்து வயிறார உண்பவர் கணக்கிற் பத்திலொரு பங்கையேனும் தம் உணவின் விலையாகவே எண்ணிக் கொடுத்தல் வேண்டும். உணவு சுவைத்ததா, பரிமாறுபவன் சிரித்தானா என்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்றைய ஊதிய முறை அவனுக்குத் தரத் தவறிய கூலியின் ஒரு பகுதி அது. தேநீரும் பணிஸும் உண்டு விரைந்து செல்லும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு இக்கடன் இல்லை. அவனும் அதே பந்தியில் இருப்பவன். சேவைக் கட்டணம் வாங்கும் இடத்திலே மேலதிகமாகக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆயின் அக்கட்டணம் எவ்வாறு பகிரப்படுகின்றது என்று மேலாளரிடம் கேட்பது எல்லார்க்கும் கடமை. ஒருவர் கேட்டால் அது தொல்லை. நாள்தோறும் பத்துப் பேர் கேட்டால், பதிலெழுதிச் சுவரில் ஒட்டவேண்டிய நிலை தோன்றும்.

இவை இடைக்கால மருந்து. நோய் தீர வேண்டுமாயின் ஊதியம் உயர்தல் வேண்டும். சேவைக் கட்டணம் முழுவதும், சமையலறைக்கும் பின்கட்டுக்கும் சேர்த்து, எழுத்துமூலக் கணக்கோடு ஊழியர்க்கே சேரவேண்டும் என்று சட்டம் விதித்தல் வேண்டும். சிறு கடைகளின் தொழிலாளரும் சங்கத்தில் இணைதல் வேண்டும். இது நடவாத காரியம் என்று கண்டியில் வாழ்பவர் எவரும் சொல்லலாகாது. 1940 ஜனவரியிலே, இந்நகருக்கு அப்பால் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் ஊதியப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாராற் சுட்டுக் கொல்லப்பட்டான். கங்காணியின் தயவையும் துரையின் கருணையையும் நம்பி வாழ்ந்த மக்கள், கூலியை உரிமையெனக் கேட்கத் துணிந்த காலம் அது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. கோவிந்தனின் தலைமுறை துரையிடம் 'தா' என்று கேட்டது. அந்த மலைகளிலிருந்து இறங்கி வந்த பேரப்பிள்ளைகள், நகரத்து மேசையோரத்திலே மீண்டும் 'ஈ' என்று நிற்க நேர்ந்துள்ளது.

கடந்த வாரம் மீண்டும் அக்கடைக்குச் சென்றோம். இம்முறை முதலிலேயே அவனைப் பெயர் சொல்லி அழைத்தோம். உணவு வந்தது, கணக்கும் வந்தது. பத்திலொரு பங்கைச் சேர்த்து வைத்து, "இது சந்தோஷத்துக்கு இல்லை தம்பி, உன்னுடைய கூலி" என்றோம். அவன் சிறிது நேரம் தட்டைப் பார்த்தான். பின் எடுத்துக்கொண்டான். தகரப் பேணிக்குள் காசு விழும் ஓசை கேட்டது. திரும்பி வந்து மேசையைத் துடைத்தவன், குரலைத் தாழ்த்தி, "சேர், அந்தச் சட்டம் ஒன்னு சொன்னீங்களே, சம்பளச் சபை, அதத் தமிழ்ல எங்க வாங்கலாம்?" என்று கேட்டான். தொழில் திணைக்களத்தின் கண்டிக் காரியாலயத்திற் கேட்டு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கின்றோம். அடுத்த சனிக்கிழமை கொண்டு செல்லல் வேண்டும்.